பாலத்துக்கு இந்தப் பக்கம்

வாங்கியாயிற்று. வண்டி கடை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகும் செண்பகவல்லி அந்த ஒரு சொல்லையே வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தாள், வாங்கியாயிற்று, யாரையும் கேட்காமல், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தானே போய், தானே நின்று, தானே கையெழுத்துப் போட்டு வாங்கியாயிற்று. பின்னால் டிக்கியில் ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் பூட்டுப் போட்ட கைத்துப்பாக்கி, தோட்டா தனியாக வேறொரு பையில், எல்லாவற்றையும் சுற்றி வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய போர்வை, உருண்டுவிடக் கூடாதே என்று. உருண்டால்தான் என்ன, தோட்டா இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு என்று சுடப் பழகிய வகுப்பில் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் கடை வளாகத்தின் வேகத்தடையில் முட்டை வாங்கிப் போகிறவளைப் போலத்தான் ஏறி இறங்கினாள். கோவில்பட்டிக்காரி, ஐம்பதைத் தொடப் போகிறவள், புருஷன் ஞானசேகர் போய் இரண்டு வருஷம், பிள்ளைகுட்டி இல்லை, ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் ரத்தத்தைப் பரிசோதிக்கிற வேலை, பென்சில்வேனியாவில் லாங்ஹார்ன் என்ற ஊரில் பின்பக்கம் மேப்பிள் மரம் நிற்கிற தனி வீடு, இப்போது ஒரு துப்பாக்கி. கடைசியாகச் சொன்னது மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. துருத்தட்டும். அவளுக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன், மூக்கு விடைக்கிற பெருமை.

கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த டோரத்தி நரைத்த பின்னல் போட்டவள், எடுத்த எடுப்பிலேயே ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்து, பெண்களுக்கு இதுதான் நிறைய போகிறது என்றாள். ஊதாவாம். வளையல் கடைக்கா வந்தோம். எனக்குக் கறுப்பு போதும் என்று செண்பகவல்லி சொன்னதும் டோரத்தியின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது, அதைக் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை இவள். கிரீன் கார்டைக் காட்டு என்றாள், காட்டினாள். இந்த மாநிலத்தில்தான் குடியிருக்கிறாயா, ஆமாம், இதோ கரண்ட் பில். கம்ப்யூட்டரில் இவள் பேரைப் போட்டுத் தேடிய அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள், ஒரு தப்பும் செய்யாதவளுக்கு எதற்குப் பயம், செய்யாதவளுக்குத்தான் பயம், செய்தவன் சாவகாசமாக நிற்பான். சரி என்று வந்துவிட்டது. அப்புறம் வழக்கம் விடுமா, ஏதாவது குறைக்கக் கூடாதா என்று கேட்டாள். டோரத்திக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்து, வெடிச் சத்தத்துக்குக் காதில் வைக்கிற பஞ்சு ஒரு டப்பா சும்மா கொடுத்தாள். கொசுறு வாங்காமல் படி இறங்கிய சரித்திரம் இவள் குடும்பத்தில் கிடையாது. கடைசியில் டோரத்தி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: நேராக வீட்டுக்குப் போ. எங்கேயும் நிறுத்தாதே. ஆற்றைத் தாண்டி மட்டும் போகவே போகாதே, அங்கே சட்டம் வேறே, இந்தப் பெட்டியோடு பிடித்தால் ஜெயில்தான். தெரியும் என்றாள் செண்பகவல்லி. தெரியும் என்று சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது.

மூன்று வாரம் முன்பு, லீவு நாள், மத்தியான வெயில், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்கதவுக் குமிழ் திரும்பியது. காற்றாக இருக்கும் என்று நினைத்த மனசை இப்போதும் அவளால் மன்னிக்க முடியவில்லை, காற்று எங்காவது குமிழைத் திருப்புமா. நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், தொப்பி வைத்த சட்டை, சின்ன வயசுக்காரன்தான். அவளைப் பார்த்தான். அவள் கையில் கத்தரிக்காய்க் காம்பு. ஓடுவான் என்று பார்த்தாள், ஓடவில்லை, அதுதான், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது, அவன் ஓடவில்லை. லேசாகச் சிரித்தான். வீட்டில் வேறு யாரும் இல்லையா என்பது மாதிரி அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பிறகு குமிழை விட்டுவிட்டு, படியில் இறங்கி, மேப்பிள் மரத்தடியில் நின்று செருப்புக்குள் போன கல்லை உதறிவிட்டு நடந்து போனான். தன் வீட்டுத் தோட்டத்தில் உலாத்துகிறவன் மாதிரி. போலீஸ் வந்தது, பதவிசாகப் பேசியது, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள் என்றது. போட்டாள். ஆனால் அன்றிலிருந்து அடுப்படியில் நின்று தாளிக்கும்போது முதுகு அடுப்புப் பக்கம், முகம் கதவுப் பக்கம். எண்ணெய் கையில் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்துவிட்டது. சொந்த வீட்டில் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை என்றால் அது என்ன வீடு, அவமானமாக இருந்தது அவளுக்கு, பயத்தைவிட அவமானம்தான் தூக்கிச் சாப்பிட்டது.

தம்பி முத்துவேல் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் சொன்னது, யக்கா, வீட்ட வித்துட்டு வந்துரு, பேஸ்மென்ட்ல தனி பாத்ரூம் கட்டித் தாரேன். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேஸ்மென்டை அவள் பார்த்திருக்கிறாள், ஜன்னல் என்ற பெயரில் கூரையோரம் ஒரு சந்து, அதில் தெரிவது புல்லின் வேர். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, மேலே அவர்கள் நடக்கிற சத்தத்தை வைத்து, இப்போது சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துகொள்கிற வாழ்க்கை. நான் துப்பாக்கி வாங்கப் போறேம்ல என்று சொன்னாள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, நானே ஒருக்கா யோசிச்சேன் யக்கா, இங்க அது நடக்கிற காரியமா, போலீஸ் ஸ்டேசன், கைரேக, எனக்கு ரெண்டு பேரு நல்லவம்னு எழுதிக் குடுக்கணும், தமிழ்ச் சங்கத்துல போயி எவன்ட்ட கேக்க, மறுநாளே ஊரு பூரா துப்பாக்கி முத்துவேல்னு பேரு வச்சிருவானுக, அப்பிடியே விட்டுட்டேன் என்றான். இந்தக் கரையில் அதெல்லாம் இல்லைடா என்று அவள் விளக்கினாள், இங்கே கடையில் நிற்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்கள், வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, ஆனால் வெளியே மறைத்து எடுத்துப் போக லைசன்ஸ் வேண்டும், கடையிலிருந்து வீட்டுக்கு மட்டும் பூட்டிக் கட்டி எடுத்துப் போகலாம், அங்கே கொண்டுவந்தால் வருஷக்கணக்கில் உள்ளே. கரைத்துக் குடித்திருந்தாள். ஒரே நாடு, நடுவில் ஒரு ஆறு, இக்கரையில் பொறுப்புள்ள வீட்டுக்காரி, அக்கரையில் குற்றவாளி. இதெல்லாம் நமக்குப் புதுசா, பிரம்மச்சாரி ஞானசேகர் புதுச்சேரியில் வாழைத்தாருக்கு அடியில் பாட்டிலை வைத்து பஸ் ஏறி, கோரிமேடு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டு முழித்த கதையைக் கல்யாணமான புதிதில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். பாட்டில் மாறவில்லை, ஆள் மாறவில்லை, பஸ் நாலு முழம் நகர்ந்தது, அவ்வளவுதான் என்பார். சிரிக்கும்போது அவருக்குத் தோள் மட்டும் குலுங்கும். சத்தம் வராது.

லாங்ஹார்ன் போர்டு வந்தது, போயிற்று. செண்பகவல்லியின் மனசு அப்போது துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் இருந்தது. முதல் வெடிச் சத்தத்தில் நெஞ்சே கழன்று விழுந்தது போல ஆகி, கண்ணில் தண்ணீர் வந்து, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பயிற்சிக்காரர், பெரிய தொந்தி, சின்னக் குரல், மூச்சை விடு, விட்ட பிறகு அழுத்து என்றார். மூச்சை விட்டபோது கை தானாக நிலைத்தது. லேபில் பைப்பெட் குழாயைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ரத்தம் பிரித்த கை, இருபது வருஷக் கை, அது நடுங்குமா. குறி அட்டையை இழுத்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் ஒரு தோசைக்கல் அகலத்துக்குள். பயிற்சிக்காரர் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்த ஆள் விசிலடித்தான். அப்பா இருந்திருந்தால். அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி கோவில்பட்டி மெயின் ரோட்டு பேங்க்கில் வாட்ச்மேனாக இருந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிற செண்பகவல்லி அதன் கட்டையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவாள், ஏட்டி, பொட்டப்புள்ள கை படக்கூடாது என்பார், தம்பியை மட்டும் மடியில் உட்கார்த்திப் பிடித்துப் பார்க்க விடுவார். அந்தத் தம்பிதான் எவனிடம் எழுதி வாங்க என்று விட்டுவிட்டான். பொட்டப்புள்ள வாங்கிவிட்டது. இதை நினைத்ததும் தனியாக வண்டியில் உட்கார்ந்துகொண்டே சிரித்தாள், பக்கத்துத் தடத்தில் போன லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான், பார்த்தால் பார்க்கட்டும்.

பக்கத்து சீட்டில் எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், வெற்றிலை, கதம்பம். காலையில் கடை திறந்ததும் வாங்கி வைத்தது. எதற்கு வாங்கினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது, புதுச்சாமான் வாங்குகிற நாளில் எலுமிச்சம்பழம் வாங்காமல் யார் இருப்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து வாங்கிய முதல் கார், பழைய கார், அதைக்கூடக் கடையிலிருந்து நேராக எடிசன் பக்கத்திலிருக்கிற முருகன் கோவிலுக்குத்தான் ஓட்டிப் போனார்கள், சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கி, பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்து, அப்புறம் தம்பி வீட்டில் காபி. வீட்டுச் சாவி வந்த அன்றும் அப்படித்தான், குருக்கள் தட்டில் சாவி, தம்பி வீட்டில் கேசரி. மிக்ஸி, லேப்டாப், ஞானசேகருக்கு வாங்கிய பிரஷர் பார்க்கிற மிஷின் முதற்கொண்டு போயிருக்கிறது, அந்த மிஷினுக்குப் போட்ட பொட்டு பலிக்கவில்லை, அது வேறு விஷயம். ரூட் ஒன்னில் ஏறி நேரே ஓட்டினால் பாலம், பாலம் தாண்டினால் கோவில், கோவில் தாண்டினால் தம்பி வீடு. கைக்குப் பழகிய வழி, மனசு கூட வர வேண்டியதில்லை. குருக்கள் என்ன கேட்பார், பெயர், நட்சத்திரம், செண்பகவல்லி, மூலம், என்ன சாமான் அம்மா என்பார். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதில் என்ன தப்பு, ஆயுத பூஜை என்று பெயரை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் குங்குமம் வைக்கிறோமே, ஊரிலேயே உண்மையான ஆயுதம் கொண்டு வருகிறவள் இவள் ஒருத்திதான். பெட்டி மேல் ஒரு பொட்டு போதும், உள்ளே சந்தனம் போனால் துருப்பிடிக்கும். அப்புறம் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பெட்டியை வைத்து, அவன் முகத்துக்கு நேராகத் திறந்து, பார்த்துக்கோல என்று சொல்ல வேண்டும். அவன் பெண்டாட்டி சுபா, மயினி இது நெசமானதா என்று வாயைப் பொத்துவாள். தொட்டுப் பாக்கியால என்று தம்பியைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, தொடக்கூடாது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகம் இன்னும் கொஞ்சம் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் அவள் கால் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

பச்சைப் போர்டில் நியூ ஜெர்சி என்று வந்தது. எத்தனையோ தடவை பார்த்த போர்டு. அதன் கீழே மோரிஸ்வில், பாலத்துக்கு முன்னால் ரோட்டைவிட்டு வெளியேறுகிற கடைசி இறக்கம். நியூ ஜெர்சி என்று மனசுக்குள் படித்தாள், சும்மா படித்தாள், படித்த பிறகுதான் அந்த இரண்டு சொல்லும் உள்ளே போய் எதிலோ இடித்தது. ஆற்றைத் தாண்டி மட்டும் போகவே போகாதே. யார் சொன்னது. டோரத்தி சொன்னது. டோரத்தி மட்டுமா, இவளே தம்பிக்குப் பாடம் எடுத்தாளே, வருஷக்கணக்கில் உள்ளே என்று இவள் வாயாலேயே. நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன். முன்னால் பாலத்தின் இரும்பு தெரிந்தது, இரண்டு பக்கமும் ஆற்றின் வெளிச்சம், ரோட்டோரத்தில் ஒரு போலீஸ் கார் சும்மா நின்றது. அடுத்த மாதம் குடியுரிமை நேர்முகம். இருபது வருஷம் வரிசையில் நின்று வாங்கிய கிரீன் கார்டு. கேஸ் என்று ஒன்று வந்தால் வேலை போகும், வீடு போகும், பிறகு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவான், கோவிலுக்குப் போனேன் ஐயா, எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன் என்று எந்த ஜட்ஜிடம் போய்ச் சொல்வது. இடது தடத்தில் இருந்தாள். வலது பக்கம் லாரி. மூச்சை விடு. இறக்கம் கிட்டத்தில் வந்துவிட்டது, சிக்னல் போட்டாள், லாரிக்காரன் விடவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சாமியைக் கூப்பிட்டாளா லாரிக்காரனைத் திட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. பிரேக்கை மிதித்து, லாரியை முன்னே விட்டு, அதன் வாலை ஒட்டி வெட்டித் திருப்பினாள், பின்னால் ஹாரன் அலறியது, சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேலேறித் தடதடத்தது, இறங்கிவிட்டாள்.

ஒரு டோனட் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். தேங்காய் உருண்டு கீழே கிடந்தது. கை நடுங்கியது, இருபது வருஷக் கை, நன்றாகவே நடுங்கியது. அந்தத் தடியன் பின்கதவில் நின்று சிரித்துக்கூட அவளை வீட்டைவிட்டுக் கிளப்ப முடியவில்லை, கால் வீசை எலுமிச்சம்பழம் கிளப்பியிருக்கும். முதலில் வெட்கமாக இருந்தது. சட்டமெல்லாம் தெரிந்தவளாம். பிறகு யோசித்தாள், இந்தப் பாலத்தை எத்தனை வருஷமாகத் தாண்டுகிறேன். நல்லதுக்குத் தாண்டினேன், கெட்டதுக்குத் தாண்டினேன், ஒரு காபிப்பொடி டப்பா வாங்கினால்கூட அங்கே கொண்டுபோய்க் காட்டினால்தான் வாங்கிய மாதிரி. அவர் செத்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தம்பி, அதற்குப் பிறகு ஒரு தடவை இந்தக் கரைக்கு வந்தானா. கூப்பிட்டால், நீதான வாரியே யக்கா, அப்புறம் நாங்க எதுக்கு அலையணும் என்பான். நியாயமாகத்தான் பட்டது இத்தனை நாளும். குனிந்து தேங்காயை எடுத்து வைத்தாள். போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

"யக்கா, எங்க வந்துக்கிட்டிருக்க? லீவுன்னா வந்துருவியேன்னு சுபா உளுந்தங்களி கிண்டியிருக்கா, சீக்கிரம் வா."

"நான் வரலைல."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அத வாங்கிட்டேன். வண்டியில இருக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கேன், தாண்ட முடியாது."

பின்னால் சுபா என்னவாம் என்று கேட்பதும், அவன் கையால் போனை மூடுவதும் கேட்டது.

"நெசம்மாவே வாங்கிட்டியா?"

"கறுப்பு. ஊதாவுல குடுத்தா, வேண்டாம்னுட்டேன்."

"யக்கா, வெளையாடாத. அந்த எழவ வீட்டுல வச்சிக்கிட்டா ஒனக்குப் பயம் போயிருமா? சொல்லு, போயிருமா?"

போய்விடும் என்று சொல்லத்தான் செண்பகவல்லிக்கு வாய் வந்தது, காலையிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த வாய். ஆனால் இரவு பெட்டியைத் தலைமாட்டில் பூட்டி வைத்துவிட்டுப் படுத்தாலும் குமிழ் திரும்புகிற சத்தம் காதுக்குள் கேட்கத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"போகாதுல," என்றாள். "பயம் எங்க போவும். பயந்துக்கிட்டே என் வீட்டுல இருந்துக்கிடுதேன். ஒன் பேஸ்மென்ட் எனக்கு வேண்டாம். இனி இந்தப் பேச்ச எடுக்காத."

கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபப்பட்டால் படட்டும், ஒரு மாசம் பேசாமல் இருப்பான், இருந்துவிட்டுப் பேசுவான்.

"சரி," என்றான் முத்துவேல். குரல் என்னவோ சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "அப்ப களிய என்ன செய்ய? ஆறிப்போயிருமே."

"தூக்கிட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். வழி தெரியும்லா?"

"தெரியாம என்ன யக்கா." கொஞ்சம் தயங்கினான். "வெளிய எறங்குற எடம் மட்டும் ஒருக்கா சொல்லு."

சொன்னாள். லாங்ஹார்ன் இறக்கத்தில் இறங்கு, சர்ச்சைத் தாண்டி இடது பக்கம், தெருக் கடைசி, செங்கல் படி வைத்த வீடு என்று நிறுத்தி நிறுத்தி, ஊருக்குப் புதியவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது, ஆனால் காலையில் இருந்த பெருமை இல்லை இது. வண்டியைத் திருப்பி மேற்கே பார்த்து ஓட்டினாள். இந்தத் தடவை லாங்ஹார்ன் போர்டைத் தவறவிடக் கூடாது. களி மட்டும் போதாது, சுபாவுக்கு ரசம் இல்லாமல் இறங்காது, போனதும் புளியை ஊறப்போட வேண்டும், முன்கூடத்து நாற்காலியில் கிடக்கிற துணியை எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வருகிறது.